எக்ஸ்சேஞ்ச் அப்படியே இருக்கட்டும், கம்பியை மட்டும் கழற்றுவோம்

"எக்ஸ்சேஞ்சை மாத்தக் கூடாது தம்பி, ஆனா கையில தூக்கிட்டு அலையிற மாதிரி போன் வேணும்." ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரைக்கும், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி வரைக்கும் எந்த அலுவலகத்துக்கு இன்டர்காம் வேலையாகப் போனாலும் இப்போது முதலில் வருகிற பேச்சு இதுதான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. உள் போன்களையெல்லாம் இணைத்துக்கொண்டு சுவரில் தொங்குகிற அந்தப் பழைய எக்ஸ்சேஞ்ச் பெட்டி வருஷக்கணக்கில் மூச்சு விடாமல் வேலை பார்க்கிறது, ஆபரேட்டர் அக்காவுக்கு அதன் ஒவ்வொரு பட்டனும் மனப்பாடம், யார் அறைக்கு என்ன எண் என்று கம்பெனி முழுக்கத் தெரியும். கெட்டுப்போவது பெட்டி இல்லை. அதிலிருந்து கிளம்பிப் போகிற கம்பிதான்.

கடலோரத்தில் செம்புக் கம்பி படுகிற பாட்டை உள்ளூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போன் கம்பி வந்து முடிகிற ரோசெட் பாக்ஸைத் திறக்கலாம் என்று ஸ்க்ரூவில் டெஸ்டரை வைத்தால் ஸ்க்ரூவின் தலை துருவாக உதிர்ந்து உள்ளங்கையில் விழும், எப்படியோ நெம்பித் திறந்து பார்த்தால் கம்பி முனையில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், சுரண்டிவிட்டு மறுபடி முறுக்கினால் அடுத்த வாடைக் காற்று வரைக்கும் தாங்கும். போனில் கேட்கிற கரகரப்பில் முக்கால்வாசி இந்தக் களிம்பு செய்கிற வேலை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் தரையில் புதைத்த கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கி, ஐஸ் பிளான்ட்டில் பேசுவது கேஷியர் போனில் லேசாகக் கேட்கும். அதற்கு மேல் மின்னல். யார்டுக்குக் குறுக்கே நீளமாக ஓடுகிற கம்பி மேல் நேரடியாக இடி விழ வேண்டும் என்பதே இல்லை, பக்கத்துத் தென்னையில் விழுந்தாலும் போதும், கம்பியில் மின்னழுத்தம் எகிறி எக்ஸ்சேஞ்சில் உள் போன்களுக்காக இருக்கிற எக்ஸ்டென்ஷன் கார்டு போய்விடும்.

"அதான் எல்லார் கையிலயும் செல்போன் இருக்கே" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். இருக்கிறது. ஆனால் இறால், கணவாய் பதப்படுத்துகிற கூடத்துக்குள் சொந்த செல்போனைக் கொண்டுபோகப் பெரும்பாலான கம்பெனிகளில் விடுவதில்லை, சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம். உலோகச் சுவர் போட்ட குளிர்கிடங்குக்குள் டவரும் எடுக்காது. ஷிப்ட் முடிந்து ஆள் வீட்டுக்குப் போனால் எண்ணும் கூடவே போய்விடும், ராத்திரி ஷிப்ட்டில் யார் இருக்கிறார் என்று தேடி அவர் எண்ணைக் கண்டுபிடிப்பதற்குள் லாரி டிரைவர் கேட்டில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். போன் ஆளுக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது, வேலைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். 34 அடித்தால் ஐஸ் பிளான்ட், யார் பணியில் இருந்தாலும். எக்ஸ்டென்ஷன் என்பதன் பலனே அதுதான்.

சமீபத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு மீன் கம்பெனியில் இந்த வேலையைச் செய்து முடித்தேன். பெயர் வேண்டாம். முன்னால் கான்கிரீட் அலுவலகம், பின்னால் பதப்படுத்தும் கூடம், அதை ஒட்டிக் குளிர்கிடங்கு, யார்டுக்கு அந்தப் பக்கம் ஐஸ் பிளான்ட், ஜெனரேட்டர் ரூம், லாரி ஏற்றுகிற மேடை, ரோட்டோரம் செக்யூரிட்டி கேட். இந்தக் கடற்கரையில் பாதி கம்பெனிகள் இப்படித்தான் இருக்கும் என்பதால் அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

முதலில் எக்ஸ்சேஞ்சின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அதில் ஐபி கார்டு, அதாவது கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாகப் பேச வைக்கிற கார்டு, போடுகிற ஸ்லாட் இருக்கிறதா? சில மாடல்களில் காலியாகவே கிடக்கும், வாங்கின நாளிலிருந்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கார்டையும் லைசென்ஸையும் வாங்கிப் போட்டால் புது போன்கள் நேராக எக்ஸ்சேஞ்சிலேயே எஸ்ஐபி (நெட்வொர்க்கில் அழைப்பு நடத்துகிற முறை) எக்ஸ்டென்ஷனாகப் பதிவாகிவிடும், டிரான்ஸ்பர், ஹோல்டு, பிக்கப் எல்லாம் பழையபடியே நடக்கும். இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. மாடல் பழசாகி, கம்பெனிக்காரனே கார்டு செய்வதை நிறுத்தியிருந்தால்தான் மற்ற வழிகளை யோசிக்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று, வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று சொல்கிறேன். ஒரே ஒரு ஆளுக்குத்தான் கம்பியில்லா போன் வேண்டும், அவர் உட்கார்ந்திருக்கும் அறையைச் சுற்றித்தான் நடமாடுகிறார் என்றால், ஐபி எதுவும் வேண்டாம். கடையில் கிடைக்கிற சாதாரண கார்ட்லெஸ் போனை வாங்கி அந்த எக்ஸ்டென்ஷன் பாயின்ட்டில் சொருகிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். நாலைந்து பேர், நாலைந்து கட்டடம் என்று ஆகும்போதுதான் மற்றதெல்லாம்.

நம்ம மீன் கம்பெனியில் கார்டு ஸ்லாட் இல்லை. அதனால் பழைய எக்ஸ்சேஞ்சையும் நெட்வொர்க் போன்களையும் சேர்த்துவைக்கிற கேட்வே வழி. எட்டு எஃப்எக்ஸ்ஓ போர்ட் இருக்கிற ஒரு சின்ன ஐபி பிபிஎக்ஸ் பெட்டியை (இனி கேட்வே என்று சொல்வது இதைத்தான்) எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்திலேயே மாட்டினோம். எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ என்று கேட்டாலே குழம்புகிறவர்களுக்கு: டயல் டோன் கொடுக்கிற பக்கம் எஃப்எக்ஸ்எஸ், டயல் டோனை வாங்குகிற பக்கம் எஃப்எக்ஸ்ஓ. எக்ஸ்சேஞ்சின் எக்ஸ்டென்ஷன் பாயின்ட் டோன் கொடுக்கிறது, ஆகவே அதில் போய்ச் சொருகுவது எஃப்எக்ஸ்ஓவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி ஆர்ஜே11 ஓட்டைதான், மாற்றி வாங்கிவிட்டால் இரண்டு பக்கமும் டோன் கொடுத்துக்கொண்டு சும்மா நிற்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் எண்கள் மாறாதது. களிம்பு பிடித்து இனி ஆகாது என்று விட்ட ஆறு கம்பிகளை, எல்லாக் கம்பியும் வந்து சேருகிற க்ரோன் மாட்யூலில் கழற்றினேன், அவை விட்டுப்போன அதே ஆறு எக்ஸ்டென்ஷன் பாயின்ட்டுகளிலிருந்து அரை மீட்டர் ஜம்பர் கம்பி போட்டுக் கேட்வேயின் ஆறு போர்ட்டுகளுக்குக் கொண்டுவந்தேன். போர்ட்டுக்கு ஒரு ஹேண்ட்செட் என்று ஒன்றுக்கு ஒன்று. ஆபரேட்டர் அக்கா 34 அடித்தால் எக்ஸ்சேஞ்ச் பழைய நினைப்பில் 34க்கு மணி அனுப்புகிறது, கேட்வே அதை வாங்கி ஐஸ் பிளான்ட் ஹேண்ட்செட்டை அடிக்கவிடுகிறது. யாருக்கும் புது எண் சொல்லித் தர வேண்டியதில்லை, சுவரில் ஒட்டியிருக்கிற எண் பட்டியலைக்கூட மாற்றவில்லை. கம்பிக் காலத்தில் முந்நூறு அடி ஓடின செம்பு இப்போது ஒரு கை நீளம்தான், அதுவும் கட்டடத்துக்குள். மின்னல் வந்து பிடிக்க அதில் ஒன்றுமில்லை.

போர்ட்டை மிச்சப்படுத்தலாம் என்று நாலு போர்ட்டில் பத்து ஹேண்ட்செட்டை ஓட்டுகிறவர்கள் உண்டு. வெளியே பேச மட்டும் என்றால் ஓடும். ஆனால் பழைய போனிலிருந்து குறிப்பிட்ட ஒரு ஹேண்ட்செட்டைக் கூப்பிட வேண்டுமென்றால் ஒரு எண்ணை அடித்து, குரல் கேட்ட பிறகு இன்னொரு எண்ணை அடிக்க வேண்டி வரும். மேடையில் லாரிக்கு லோடு எண்ணிக்கொண்டிருக்கிறவரைக் கூப்பிட ஒருவரும் அந்தப் பொறுமையைக் காட்ட மாட்டார்கள்.

சரி, கம்பியில்லா ஐபி போனில் இரண்டு ஜாதி. ஒன்று வைஃபை போன், அலுவலக வைஃபையிலேயே ஓடும். இன்னொன்று டெக்ட், அதற்கென்று தனி பேஸ் பெட்டி, பேஸ் மட்டும் நெட்வொர்க் கேபிளில் இருக்கும், ஹேண்ட்செட்டுகள் பேஸோடு பேசும். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் "வைஃபை ஏற்கெனவே இருக்கே, அதுலயே போட்ருங்க" என்பார்கள். இந்தக் கடற்கரைக் கம்பெனிகளுக்கு நான் பெரும்பாலும் டெக்ட்தான் சொல்வேன்.

காரணம் இருக்கிறது. வைஃபையில் ஏற்கெனவே சிசிடிவி, லேப்டாப், பில் பிரின்டர், ஊழியர்களின் செல்போன் என்று எல்லாம் மொய்த்துக் கிடக்கும். மெயில் இரண்டு நொடி தாமதமானால் யாருக்கும் தெரியாது. பேச்சு அப்படியில்லை, ஒரு பக்கத்துத் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால்தான் பேசுகிற இருவரும் முட்டிக்கொள்ளாமல் பேசுவார்கள். வைஃபை சிக்னல் கொடுக்கிற ஒரு ஆக்சஸ் பாயின்டிலிருந்து அடுத்ததற்கு நடந்து போகும்போது போன் தாவ வேண்டும், அந்தத் தாவல் வேகமாக நடக்க ஆக்சஸ் பாயின்டும் போனும் இரண்டுமே 802.11ஆர் மாதிரி வசதிகளை வைத்திருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் சிக்னல் மைனஸ் 67 டிபிஎம்மை விட மோசமாகக் கூடாது. அலுவலகத்தில் இரண்டு பழைய ரூட்டரை மாட்டிவிட்டு அதற்குப் பெயர் வைஃபை என்றால் அதில் குரல் ஓடாது. நல்ல நிர்வாகம் செய்யப்பட்ட வைஃபை, பல மாடி, பல அறை, எல்லா இடத்திலும் ஆக்சஸ் பாயின்ட் என்று இருக்கிற லாட்ஜ், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் வைஃபை போன் போடலாம், நானே ராமேஸ்வரத்தில் போட்டிருக்கிறேன்.

டெக்ட் குரலுக்கென்றே பிறந்தது. ஐரோப்பாவில் 1990களின் தொடக்கத்தில் வந்த தரம், 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, வைஃபையின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் கூட்டத்தில் அது நிற்பதே இல்லை. 10 மில்லி செகண்டை 24 துண்டாக வெட்டி, போக 12, வர 12 என்று ஒவ்வொரு பேச்சுக்கும் தனித் துண்டு ஒதுக்கிவிடுகிறது, அதனால் ஒருவர் பேச்சை இன்னொருவர் நெருக்குவதில்லை. நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. கிராமத்துக்குத் தொலைபேசி கொண்டுபோக 1990களில் சென்னை ஐஐடி உருவாக்கிய கார்டெக்ட் இதே குடும்பம்தான். திறந்த வெளியில் 300 மீட்டர், கட்டடத்துக்குள் 50 மீட்டர் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பார்கள். முதல் எண்ணை முழுசாக நம்ப வேண்டாம், இரண்டாவது ஓரளவு சரி. மீன் கம்பெனி யார்டு மாதிரி வெட்டவெளிக்கு இது பொருத்தமான ஆள்.

கீழக்கரைப் பக்கம் ஒரு எச்சரிக்கை, காக்காமார்கள் (அங்கே அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கோபித்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும்போது கார்ட்லெஸ் செட் வாங்கிக்கொண்டு வந்து "இதை நம்ம எக்ஸ்சேஞ்சுல மாட்டிக் கொடுங்க" என்பார்கள். வளைகுடாவிலிருந்து வருவது பெரும்பாலும் ஐரோப்பிய அலைவரிசைதான், பெட்டியைப் பார்த்துவிட்டு மாட்டலாம். அமெரிக்காவிலிருந்து வந்ததில் டெக்ட் 6.0 என்று போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது, இங்கே அந்த இடம் செல்போன்கள் டவரை நோக்கிப் பேசுகிற அலைவரிசை. நம் வீட்டு போன் அதில் கத்தினால் சுற்றுவட்டாரத்து டவருக்குக் காது அடைக்கும், தொலைத்தொடர்புத் துறை தேடிக்கொண்டு வரும்.

பேஸை எங்கே வைப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. வாங்குவதற்கு முன்னாலேயே ஒரு டெமோ பேஸையும் ஒரு ஹேண்ட்செட்டையும் வைத்து நடந்து பார்த்துவிடுங்கள். பேஸை அலுவலக மாடி ஜன்னலில் யார்டைப் பார்க்க வைத்தேன், கம்பெனி மேனேஜர் அண்ணன் ஹேண்ட்செட்டைக் காதில் வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நடந்தார், நான் மேலே போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். யார்டு முழுக்கக் கணீரென்று இருந்தது. ஐஸ் பிளான்ட் வாசல் வரைக்கும் குறையே இல்லை, உள்ளே அமோனியா கம்ப்ரசர் பக்கத்தில் போனபோது கம்ப்ரசர் சத்தம்தான் அதிகம், எண் விடாமல் கேட்டது. பதப்படுத்தும் கூடத்தின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார், கேட்டது. பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்ட அந்த நொடியில் எண் பாதியில் நின்றது.

பஃப் பேனல் செய்கிற வேலை அது. நடுவில் நுரை, இரண்டு பக்கமும் உலோகத் தகடு, கூரையும் அதே. அந்த அறைக்குள் இருப்பது மூடி போட்ட பிஸ்கட் டின்னுக்குள் இருப்பது மாதிரி, டெக்டும் நுழையாது, வைஃபையும் நுழையாது, செல்போனும் நுழையாது. உள்ளே ஐஸும் மீனும் குவிந்திருந்தால் இன்னும் மோசம், தண்ணீர் அலையைக் குடித்துவிடும். இதற்கு வெளியிலிருந்து பலத்தைக் கூட்டிப் பிரயோஜனமில்லை. கேபிள் இழுத்து உள்ளேயே ஒரு பேஸ் வைக்க வேண்டும், வேறு வழி கிடையாது. கூடத்தின் உள்ளே, தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது படாத உயரத்தில், பிளாஸ்டிக் பெட்டிக்குள் இரண்டாவது பேஸை வைத்தோம். பெட்டி பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதுகாப்புக்கு என்று ஸ்டீல் பெட்டி செய்து பேஸை அதற்குள் பூட்டி வைத்த இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

நடந்து பார்க்கும்போது எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, மிஷின்கள் ஓடும்போது, ஆட்கள் நிறைந்திருக்கும்போது பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலிக் கூடத்தில் கிடைக்கிற சிக்னல் திங்கட்கிழமை கிடைக்காது.

இரண்டு பேஸ் வைத்துவிட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பேசிக்கொண்டே நடக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சாதாரண பேஸ்களுக்கு ஒன்றை ஒன்று தெரியாது, எல்லையைத் தாண்டினால் பேச்சு அறுந்துவிடும். தாவ வேண்டுமென்றால் மல்டிசெல் வகை வாங்க வேண்டும், விலை கூடுதல், தவிர அவற்றில் பல மாடல்கள் ஒன்றின் சிக்னலை ஒன்று காற்றில் கேட்டு நேரம் ஒத்துப்போகிறவை, நடுவில் உலோகச் சுவர் இருந்தால் அதுவும் சிக்கல். இந்தக் கம்பெனியில் கூடத்தில் இருப்பவர்கள் ஷிப்ட் முடியும் வரை கூடத்தில்தான் இருக்கிறார்கள், தொப்பி, கையுறை, பூட்ஸ் போட்டபின் வெளியே வர மாட்டார்கள். ஆகவே இரண்டு ஹேண்ட்செட் கூடத்து பேஸில், நாலு யார்டு பேஸில் என்று பிரித்துவிட்டேன். எல்லா இடமும் சுற்றுகிறவர் எலக்ட்ரீஷியன் ஒருத்தர்தான், அவர் கூடத்துக்குள் போனால் அங்கே இருக்கிற போனை எடுத்துப் பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ஒரு ஆளுக்காக மல்டிசெல் வேண்டாம் என்று மேனேஜரும் சொன்னார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

இப்போது நிஜமான தலைவலி. பழையதும் புதியதும் சேருகிற இடம், அந்த எஃப்எக்ஸ்ஓ போர்ட். போன் வேலை செய்கிறது, குரல் நன்றாக இருக்கிறது, எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கலைந்தாயிற்று. மறுநாள் மத்தியானம் ஆபரேட்டர் அக்கா கூப்பிடுகிறார்: "தம்பி, 34 காலையிலிருந்து எங்கேஜாவே இருக்கு, அங்க போய்ப் பார்த்தா போன் சார்ஜர்லதான் இருக்கு."

நடந்தது இதுதான். கம்பி போனில் ரிசீவரை வைத்தால் கரன்ட் அறுந்து எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிந்துவிடும். ஆனால் எதிர்முனையில் இருக்கிறவர் வைத்துவிட்டால், எக்ஸ்சேஞ்ச் நமக்குச் சொல்கிற ஒரே சேதி பிஸி டோன்தான். மனிதனுக்கு அது காதில் விழும், வைத்துவிடுவான். கேட்வே அந்த டோனை அடையாளம் கண்டுபிடித்தால்தான் லைனை விடும். பல கேட்வேக்கள் பெட்டியிலிருந்து வரும்போது அமெரிக்க டோனை எதிர்பார்த்து வருகின்றன: 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து, அரை நொடி ஒலி, அரை நொடி மௌனம். நம் நாட்டு பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் நொடி ஒலி, முக்கால் நொடி மௌனம். கேட்வேக்கு அது ஏதோ சத்தம், அவ்வளவுதான். ராத்திரி கடைசியாகப் பேசினவர் ஹேண்ட்செட்டில் சிவப்பு பட்டனை அமுக்காமல் அப்படியே வைத்துவிட்டால் லைன் விடிய விடியத் திறந்தே கிடக்கும்.

நாட்டுப் பட்டியலில் இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் பாதி சரியாகும். முழுசாகச் சரியாக, உங்கள் எக்ஸ்சேஞ்ச் உண்மையில் என்ன டோன் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எக்ஸ்சேஞ்ச் தன் டோனைத் தானே உருவாக்குகிறது, வெளி லைனில் வருவதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரு எக்ஸ்டென்ஷனில் பிஸி டோனை வரவழைத்துச் செல்போனில் ரெக்கார்ட் செய்து, கம்ப்யூட்டரில் ஒலி அலையாகத் திறந்து, ஒலி எவ்வளவு நேரம், மௌனம் எவ்வளவு நேரம் என்று அளந்து, அந்த எண்களைக் கேட்வேயில் எழுதினேன். அதற்குப் பின் லைன் தொங்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் போலாரிட்டி ரிவர்சல் வசதி, அதாவது எதிர்முனை வைத்ததைக் கம்பியின் பிளஸ், மைனஸை மாற்றிக் காட்டுகிற வசதி, இருந்தால் இன்னும் நல்லது, டோனை நம்பவே வேண்டாம்.

டிரான்ஸ்பரும் இதே மாதிரி ஒரு தகராறு. பழைய போனில் ஃப்ளாஷ் பட்டனை அமுக்கினால் லைன் அரை நொடி அறுந்து சேரும், எக்ஸ்சேஞ்ச் அதை "இவர் வேறு யாருக்கோ மாற்றப் போகிறார்" என்று எடுத்துக்கொள்ளும். டெக்ட் ஹேண்ட்செட்டில் அறுப்பதற்குக் கம்பியே இல்லை. ஆர் பட்டனை அமுக்கினால் அது ஃப்ளாஷ் என்று ஒரு சேதியாக நெட்வொர்க்கில் போய், கேட்வேயில் நிஜமான அறுப்பாக மாற வேண்டும். ஹேண்ட்செட்டில் அந்தச் சேதியை அனுப்பும் வசதியைத் திறந்துவிட வேண்டும், கேட்வேயில் அறுப்பின் நீளத்தை எக்ஸ்சேஞ்சில் இருக்கிற அளவோடு ஒத்துப்போக வைக்க வேண்டும், 600 மில்லி செகண்டில் தொடங்கிப் பாருங்கள். நீளம் கூடினால் எக்ஸ்சேஞ்ச் போனை வைத்துவிட்டார்கள் என்று நினைத்து அழைப்பையே துண்டித்துவிடும், குறைந்தால் கண்டுகொள்ளாது.

கூப்பிடுகிறவர் எண் திரையில் வரவில்லையா, எக்ஸ்சேஞ்ச் அதை டிடிஎம்எஃப் முறையில் அனுப்புகிறதா எஃப்எஸ்கே முறையிலா என்று பார்த்து கேட்வேயிலும் அதையே வையுங்கள். எதிரொலி வந்தால் கேட்வேயின் கெயினை, அதாவது ஒலியைக் கூட்டுகிற அளவை, குறையுங்கள், கூட்டாதீர்கள். எண்ணை அடித்துவிட்டு நாலைந்து நொடி சும்மா இருந்து பிறகு மணி அடிக்கிறதா, கேட்வே இன்னும் எண் வருமோ என்று காத்திருக்கிறது, எக்ஸ்டென்ஷன் இரண்டு இலக்கம் என்று டயல் பிளானில் (எந்த எண்ணை எப்படி அனுப்ப வேண்டும் என்கிற பட்டியல்) எழுதிவிட்டால் உடனே போகும்.

டயல் பிளான் எழுதும்போது அவசர எண்களை மறந்துவிடாதீர்கள், கடற்கரையில் இது விளையாட்டில்லை. இந்த எக்ஸ்சேஞ்சில் வெளி லைனுக்கு முதலில் 0 அடிக்க வேண்டும். அமோனியா கசிந்து ஓடி வருகிறவன் 0 அடிக்க நினைவு வைத்திருக்க மாட்டான். 112, புயல் நேரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, கடலோரக் காவல் படை 1554, இந்த மூன்றையும் அப்படியே அடித்தால் கேட்வே தானே முன்னால் 0 சேர்த்து அனுப்புகிற மாதிரி எழுதினேன். இரண்டு இலக்க எக்ஸ்டென்ஷன்களில் 11, 10, 15 என்று எதுவும் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், இல்லாவிட்டால் 1554 அடிக்கிறவருக்கு 15 எடுத்து "ஹலோ, கேன்டீன்" என்று சொல்லும். சோதிக்கிறேன் என்று நிஜமாகவே அந்த எண்களைக் கூப்பிட வேண்டாம், வெளி லைனைக் கழற்றிவிட்டு கேட்வே லாக்கில் என்ன எண் போகிறது என்று பார்த்தால் போதும்.

கரன்ட். பழைய போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பியில் வரும், எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு பேட்டரி இருந்தால் ஊரே இருட்டானாலும் போன் பேசும். இப்போது நடுவில் கேட்வே, நெட்வொர்க் கேபிளிலேயே பேஸுக்கு மின்சாரம் அனுப்புகிற பிஓஇ ஸ்விட்ச், பேஸ் என்று மூன்று சேர்ந்துவிட்டது, இவற்றில் எது அணைந்தாலும் பேச்சில்லை. ஜெனரேட்டர் இருக்கிறது என்பார்கள். ஜெனரேட்டர் எடுக்கிற அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் அணைந்து, திரும்ப எழுந்து, ஹேண்ட்செட்டுகள் பேஸைத் தேடிப் பிடிக்க இன்னும் சில நிமிடம் ஆகும். மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுங்கள். அப்படியும் செக்யூரிட்டி கேட்டிலும் முதலாளி அறையிலும் கம்பி போனை நான் எடுக்க விடவில்லை. கம்பி போனைக் குப்பையில் போட்டால்தான் புது சிஸ்டம் என்று முதலாளிக்கு ஒரு எண்ணம், கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது.

ஹேண்ட்செட்டை எடுக்கும்போது ஐபி67 மாதிரி தண்ணீர், தூசி தாங்குகிற வகையா என்று பாருங்கள், கூடத்துக்கு அது கட்டாயம். கையுறை போட்ட விரலுக்குப் பெரிய பட்டன் வேண்டும். மைனஸ் 18 டிகிரி குளிர்கிடங்குக்குள் ஹேண்ட்செட்டை வைத்துவிட்டு வராதீர்கள், பேட்டரி படுத்துவிடும், வெளியே எடுத்து வந்தால் நம் ஊர் ஈரக் காற்றுக்குத் திரை வேர்த்துக் கொட்டும், அந்த ஈரத்தோடு சார்ஜரில் வைப்பதுதான் அதைவிட மோசம். சார்ஜர் தொட்டிலில் இருக்கிற இரண்டு சின்ன உலோக முனைகளை வாரம் ஒருமுறை பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் தேய்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். உப்புப் படலம் ஏறிவிட்டால் போன் சார்ஜில் இருப்பது மாதிரியே தெரியும், பேட்டரி மட்டும் ஏறாது. "போன் கெட்டுப்போச்சு" என்று வருகிற புகார்களில் கணிசமானவை இந்த ரப்பரில் தீர்கின்றன.

பாஸ்வேர்டை மாற்றுங்கள். பேஸின் பின் எண் பெரும்பாலும் 0000 என்று வரும், கேட்வேக்கும் அட்மின் பெயரிலேயே ஒரு பாஸ்வேர்டு இருக்கும். வீட்டிலிருந்து பார்க்கலாமே என்று கேட்வேயில் அழைப்புச் சேதிகள் வந்து போகிற 5060 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட்டால், அந்த போர்ட்டைத் தேடி உலகம் முழுக்க நிரல்கள் அலைந்துகொண்டிருக்கின்றன, ஒரு ராத்திரியில் உங்கள் லைனில் வெளிநாட்டுக்குப் பேசி பில்லை ஏற்றிவிடுவார்கள். ஒரே வளாகத்துக்குள் இதையெல்லாம் செய்துகொள்வதில் பிரச்சினையில்லை. தூத்துக்குடிக் கிளையை இன்டர்நெட்டில் இணைத்து, அங்கிருக்கிற லோக்கல் லைன் வழியாக இங்கிருந்து வெளி அழைப்பு போகலாமா என்று கேட்டால் அது டோல் பைபாஸ், அதாவது தொலைபேசி நிறுவனத்தின் வெளியூர் லைனைச் சுற்றிக்கொண்டு போகிற விவகாரம், உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளாமல் தொடாதீர்கள்.

இந்தக் கம்பெனியில் மிச்சமிருப்பது படகுத்துறை. யார்டிலிருந்து அது தள்ளி இருக்கிறது, நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகாது, செம்பு போட்டால் மறுபடி மின்னல் பயம். ஃபைபர் இழுத்து அந்த முனையில் ஒரு கன்வர்ட்டரும் மூன்றாவது பேஸும் வைப்பதாகப் பேசியிருக்கிறோம், கண்ணாடி இழையில் களிம்பும் பிடிக்காது, இடியும் ஏறாது. பள்ளம் தோண்ட யார்டு காலியாக இருக்க வேண்டும், அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில்தான் நடக்கும். இந்தப் பக்கம் யாருக்காவது இதே மாதிரி கேபிள் வேலை இருந்தால் அந்த நேரத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தோண்டுகிற ஆட்களை மார்ச்சிலேயே பேசி வைத்துவிடுங்கள், ஏப்ரலில் எல்லாக் கம்பெனியும் ஒரே நேரத்தில் கூப்பிடும்.